பழைய போட்டோ ஆர்க்கைவ்ல சப்ஜெக்ட் வெச்சு தேடுறது எப்படி? துணி துவைக்கிற பெண்கள் படம் சிக்கவே மாட்டேங்குது

கைரேகை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாஷிங் மெஷின் வர்றதுக்கு முன்னாடி துணி துவைக்கிறதுங்கிற வேலை எப்படி இருந்துச்சுன்னு ஒரு நீளக் கட்டுரை எழுதிட்டு இருக்கேன். அதுக்கு 1860ல இருந்து 1940 வரைக்கும் எடுத்த போட்டோ ஒரு இருபதாவது வேணும், வேற வேற நாட்டுப் படமா இருந்தா நல்லது. எனக்கு முக்கியமா வேண்டியது அந்தப் பெண்களோட கை. சும்மா அழகான ஆத்தங்கரைக் காட்சி எனக்கு உதவாது, தேய்க்கிற கை, முறுக்கிப் பிழியிற கை, சோப்புத் தண்ணியில ஊறி வெளுத்துப்போன விரல், அது தெரியணும்.

ரெண்டு வாரமா அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்லதான் உக்காந்திருக்கேன். வாஷ்னு போட்டா வாஷிங்டன் ஊர்ப் படமா வந்து கொட்டுது, ஏன்னா பழைய கேப்ஷன்ல எல்லாம் அந்த ஊர் பேர சுருக்கி வாஷ்னுதான் எழுதி வெச்சிருக்காங்க. வுமன் வாஷிங் க்ளோத்ஸ்னு முழுசா அடிச்சா கொஞ்சம் வருது, ஆனா அவ்ளோதான் இருக்கும்னு என்னால நம்ப முடியல. ஏன்னா வேற எதையோ தேடும்போது தற்செயலா ஒரு படம் பாத்தேன், 1900க்கும் 1910க்கும் நடுவுல நியூயார்க்ல எடுத்தது, கட்டடத்துக்குக் கட்டடம் கயிறு கட்டி மாடி மாடியா துணி தொங்குது, வானமே தெரியாத அளவுக்குத் துணி. தலைப்பப் பாத்தா ஒரு டெனமென்ட் (ஏழைங்க நெருக்கிக்கிட்டு வாடகைக்கு இருந்த மாடிக் கட்டடம்) முற்றம்னு மட்டும்தான் இருக்கு, துணிங்கிற பேச்சே இல்ல. அப்போ இந்த மாதிரி எத்தனை படம் வேற ஏதோ பேர்ல உள்ள கிடக்குதோன்னு நினைச்சா தூக்கமே வரல. இதுக்குன்னு ஏதாவது முறை இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

கண்ணாடித்தகடு எழுதியது:

மேடம், நான் ஒரு ஆவணக் காப்பகத்துல ஆறு வருஷம் போட்டோவுக்கு கேட்டலாக் எழுதுற வேலை பாத்தவன், அதனால உள்ள இருந்து எப்படி இருக்கும்னு சொல்றேன்.

நீங்க தேடும்போது அந்த சைட் படத்தப் பாக்குறதே இல்ல. படத்துக்குக் கீழ யாரோ எழுதி வெச்ச வார்த்தையத்தான் பாக்குது. அந்த வார்த்தையும் ஒரே ஆள் எழுதினது கிடையாது. படம் எடுத்தவர் நெகட்டிவ் ஓரத்துலயோ உறையிலயோ கிறுக்கினது ஒண்ணு. அது இல்லாதப்ப எங்கள மாதிரி ஆள் படத்தப் பாத்து வெச்ச தலைப்பு ஒண்ணு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல தலைப்பு சதுர அடைப்புக்குள்ள இருந்தா அது நாங்க வெச்சதுன்னு அர்த்தம். மூணாவதுதான் சப்ஜெக்ட் வார்த்தை, அத அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுத முடியாது, ஒரு நிலையான பட்டியல்ல இருந்துதான் எடுக்கணும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல படங்களுக்குன்னே தெசாரஸ் ஃபார் கிராஃபிக் மெட்டீரியல்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கு, நெட்லயே ஃப்ரீயா பாக்கலாம். நாம கார்னு சொல்றது அதுல ஆட்டோமொபைல்ஸ், சினிமா தியேட்டர் அதுல மோஷன் பிக்சர் தியேட்டர்ஸ். இந்த மாதிரி பட்டியல்ல இருக்கிற வார்த்தையும் காலப்போக்குல மாறும். நூலகங்கள் புத்தகத்துக்குப் பயன்படுத்துற பட்டியல்ல குக்கரின்னு இருந்தத 2010லதான் குக்கிங்னு மாத்தினாங்க.

அதனால நீங்க வார்த்தையில இருந்து படத்துக்குப் போகாதீங்க, படத்துல இருந்து வார்த்தைக்குப் போங்க. அந்த டெனமென்ட் முற்றப் படம் இருக்கே, அதோட முழு ரெக்கார்டையும் திறந்து கீழ வரைக்கும் போங்க. அங்க சப்ஜெக்ட்னு போட்டு என்னென்ன வார்த்தை இருக்குன்னு பாருங்க, துணி துவைக்கிறதுக்கு அவங்க பட்டியல்ல லாண்ட்ரின்னு இருக்கும். அந்த வார்த்தைய க்ளிக் பண்ணா அதே சப்ஜெக்ட் போட்ட மத்த படம் எல்லாம் வரிசையா வரும், தலைப்புல என்ன எழுதியிருந்தாலும் சரி. கைக்குக் கிடைச்ச ஒரு நல்ல படம் நூறு கீவேர்டுக்குச் சமம்னு நான் மனசார நம்புறேன்.

தலைப்ப ஏன் நம்பக்கூடாதுன்னா ஒரே உதாரணம் போதும். டாரதியா லாங்ங்கிற போட்டோகிராஃபர் 1936 மார்ச்ல கலிஃபோர்னியாவுல நிபோமோங்கிற இடத்துல எடுத்த அந்தத் தாய் படம், கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு, ரெண்டு பிள்ளைங்க தோள்ல முகத்தப் புதைச்சுக்கிட்டு. உலகம் முழுக்க அத மைக்ரன்ட் மதர், அதாவது பிழைப்பு தேடி இடம்பெயர்ந்த தாய்னுதான் சொல்றாங்க. ஆனா காப்பகத்துல இருக்கிற கேப்ஷன் கலிஃபோர்னியாவுல ஆதரவில்லாத பட்டாணி பறிக்கிறவங்க, ஏழு பிள்ளைகளோட தாய், வயசு முப்பத்திரெண்டுன்னுதான் ஆரம்பிக்குது. அவ்வளவு பிரபலமான படம்ங்கறதால அந்தப் பேரையும் ரெக்கார்டுல சேத்துட்டாங்க, அதனால கிடைக்குது. பிரபலமாகாத படத்துக்கு யாரு மேடம் இப்படி ரெண்டாவது பேர் சேத்து வைப்பாங்க?

இன்னொண்ணும் சொல்லணும், இது என் மேல உள்ள தப்பு. ஒரு ஆல்பத்துல ஒரு படத்துக்கு ஆத்தோரம் பெண்கள்னு மட்டும் எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். நாலஞ்சு மாசம் கழிச்சு வேற காரணத்துக்காக அதே படத்த முழு சைஸ்ல திறந்தப்பதான் பாத்தேன், கடைசியில நிக்கிற பொண்ணு ஒரு துணியோட ஒரு முனைய கால்ல அழுத்திக்கிட்டு மறுமுனைய ரெண்டு கையாலயும் முறுக்கிட்டு இருக்கா, தண்ணி சொட்டுறது கூடத் தெரியுது. திருத்தி எழுதினேன். ஆனா திருத்தாம விட்டது எத்தனையோ இருக்கும், ஒரு நாளைக்கு இத்தனை படம் முடிக்கணும்னு கணக்கு இருந்துச்சு. ஆல்பம்னா இன்னும் மோசம், முழு ஆல்பத்துக்கும் ஒரே ஒரு ரெக்கார்டு போட்டு வெச்சிருப்பாங்க, உள்ள இருக்கிற படத்துக்குத் தனியா வார்த்தையே இருக்காது. அந்த இடத்துல பக்கம் பக்கமா புரட்டுறதத் தவிர வழியில்ல.

ஊர்சுத்தி எழுதியது:

மேல சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் சேத்துச் சொல்ல நினைக்கிறது, வேலையோட பேர விட்டுட்டு இடத்தையும் சாமானையும் தேடுங்க தோழி. படம் எடுத்தவன் அந்தப் பொண்ணு என்ன வேலை செய்யிறான்னு எழுதாம விட்டாலும் விட்டுருப்பான், ஆனா இது எந்த எடம்னு கண்டிப்பா எழுதியிருப்பான். வாஷ்போர்டு (தேய்க்கிற பலகை), வாஷ்டப் (தொட்டி), ரிங்கர் (துணி பிழியிற உருளை), மேங்கிள் (உருளைக்கு நடுவுல துணிய அழுத்துற மெஷின்), க்ளோத்ஸ்லைன்னு (துணிக்கொடி) ஒவ்வொரு சாமானா போட்டுப் பாருங்க. ஆளுக்கான பழைய பேரும் வேணும், வாஷர்வுமன், லாண்ட்ரெஸ். நாள் பேரு கூட உண்டு, வாஷ் டேன்னு கேப்ஷன்ல வரும்.

அப்புறம் இங்கிலீஷ மட்டும் வெச்சுத் தேடினா பாதி உலகம் போயிடும். ஃபிரான்ஸ்ல ஊர்ப் பொதுவுல துணி துவைக்கன்னே கூரை போட்ட தொட்டி கட்டி வெச்சிருந்தாங்க, அதுக்கு லாவ்வார்னு பேரு, துவைக்கிற பெண்களுக்கு லாவாண்டியேர். இந்த ரெண்டு வார்த்தையையும் பிரெஞ்சு எழுத்துலயே எடுத்து ஃபிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிகா சைட்ல போடுங்க, போஸ்ட்கார்டும் செய்திப் படமும் வரும். அங்க ஏஜென்ஸ் ரோல்னு ஒரு பழைய செய்திப்பட நிறுவனத்தோட கலெக்ஷன் இருக்கு, அதத் தனியா அலசுங்க. ஜெர்மன்ல வாஷ்ஃப்ராவ், ஸ்பானிஷ்ல லாவாண்டெராஸ். ஐரோப்பிய நூலகம், மியூசியம் படங்கள ஒரே இடத்துல தேடுற யூரோப்பியானா சைட்ல இந்த வார்த்தை எல்லாத்தையும் தனித்தனியா போட்டுப் பாக்கணும், ஒண்ணுல வர்ற படம் இன்னொண்ணுல வராது, நான் அனுபவிச்சுச் சொல்றேன்.

கலர் படம் வேணும்னா ஆல்பர்ட் கான்ங்கிற பிரெஞ்சு பேங்கரோட கலெக்ஷன விட்றாதீங்க. 1909ல இருந்து 1931 வரைக்கும் உலகம் பூரா ஆள் அனுப்பி எடுத்த ஆட்டோக்ரோம், அதாவது கண்ணாடித் தட்டுல எடுத்த ஆரம்பகாலக் கலர் போட்டோ, மொத்தம் 72,000 தட்டு.

கைரேகை எழுதியது:

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. நேத்து ராத்திரி அந்த முற்றப் படத்தோட ரெக்கார்ட்ல இருந்து ஆரம்பிச்சு விடியற வரைக்கும் உக்காந்துட்டேன், லாண்ட்ரிங்கிற அந்த ஒரு சப்ஜெக்ட்லயே எனக்குத் தெரியாத படம் அவ்ளோ இருக்கு. லாவ்வார் படம் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு, பத்துப் பதினஞ்சு பெண்கள் முட்டி போட்டு வரிசையா உக்காந்து ஒரே தொட்டிய நோக்கிக் குனிஞ்சிருக்காங்க.

இப்ப ரெண்டு சந்தேகம். ஒண்ணு, நிறைய படத்துல வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ் சி எழுத்து ஒட்டி இருக்கு, அது தோராயமான வருஷம்னு எடுத்துக்கலாமா? ரெண்டு, 1860கள்ல எடுத்த படத்துல கை அசையிற மாதிரி ஒண்ணு கூட இல்லையே, எல்லாரும் சிலை மாதிரி நிக்கிறாங்க, நான் தேடுறது தப்பா?

பழுப்புப்படம் எழுதியது:

சகோ, சி விஷயத்துல ஜாக்கிரதை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ரெக்கார்ட்ல வருஷத்தோட ஒட்டி சி மட்டும் இருந்தா அது காப்பிரைட் வருஷம். தோராயம்னா சிஏன்னு ரெண்டு எழுத்து வரும். காப்பிரைட் பதிவு பண்ண வருஷமும் படம் எடுத்த வருஷமும் ஒண்ணாதான் இருக்கணும்னு இல்ல, எடுத்து சில வருஷம் கழிச்சும் பதிவு பண்ணியிருக்கலாம். கட்டுரையில 1905ல எடுத்ததுன்னு எழுதாதீங்க, 1905ல காப்பிரைட் பெற்றதுன்னு எழுதுங்க.

ரெண்டாவது சந்தேகத்துக்கு, உங்க தேடல்ல தப்பு இல்ல, அந்தக் காலத்துக் கேமராவால முடியாத காரியம் அது. 1850, 60கள்ல கண்ணாடித் தகடுல கொலோடியன்ங்கிற பிசுபிசுப்பான ரசாயனத்தப் பூசி ஈரம் காயிறதுக்குள்ள எடுத்தாகணும், வெளிச்சம் பல செகண்ட் விழணும், அதுக்குள்ள கைய அசைச்சா கை இருக்கிற இடத்துல புகை மாதிரிதான் பதியும், ஓடுற தண்ணி பால் மாதிரி வெள்ளையாயிடும். அதனால துவைக்கிற மாதிரி அசையாம நில்லுங்கன்னு சொல்லித்தான் எடுத்திருப்பாங்க. ஷார்ல் நெக்ரேன்னு ஒருத்தர் 1851ல பாரிஸ்ல புகைபோக்கி சுத்தம் பண்றவங்க நடந்து போற படம் ஒண்ணு எடுத்தாரு, பாத்தா நிஜமாவே நடக்கிற மாதிரியே இருக்கும், ஆனா அவங்க அந்தப் போஸ்ல அசையாம நின்னிருக்காங்க. அதனால பழைய படத்துல வேலைய நேரடியாத் தேடாதீங்க, வேலை செய்யிற மாதிரி நிக்கிற ஆளத் தேடுங்க, ஸ்டுடியோவுல திரைச்சீலைக்கு முன்னாடி தொட்டிய வெச்சு எடுத்தது கூட இருக்கும். அத வெச்சுக்கிட்டு இப்படித்தான் துவைச்சாங்கன்னு எழுதிறக்கூடாது, இப்படித்தான் காட்ட நினைச்சாங்கன்னு வேணா எழுதலாம்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உங்களுக்கு அசையிற கை வேணும்னா 1930களுக்குப் போங்க, எஃப்எஸ்ஏ கலெக்ஷனுக்கு, அதாவது ஃபார்ம் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷன், ஏழை விவசாயிகளுக்கு உதவ இருந்த அமெரிக்க அரசு அமைப்பு. 1935ல இருந்து 1944 வரைக்கும், பெரும்பகுதி ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில, அமெரிக்க அரசாங்கம் எடுக்க வெச்ச படம், கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டுமே சுமார் 1,75,000. ஏழை வீட்டு வேலைய இவ்வளவு கிட்டப் போய் எடுத்த கலெக்ஷன் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்லயே இருக்கு, ஆனா அங்க பெரும்பாலும் கேப்ஷன் வார்த்தைய நம்பித்தான் தேடணும், கேப்ஷனே இல்லாத நெகட்டிவ் ஏராளம், அண்டைட்டில்ட் ஃபோட்டோன்னு தலைப்பு போட்டு பக்கத்துல இன்ன படத்தோட சம்பந்தப்பட்டிருக்கலாம்னு எழுதி வெச்சிருப்பாங்க.

இதுக்கு வழி இருக்கு. ஒரு நல்ல படம் கிடைச்சதும் அந்த ரெக்கார்ட்ல பிரௌஸ் நெய்பரிங் ஐட்டம்ஸ் பை கால் நம்பர்னு (கால் நம்பர்னா காப்பகத்துல அந்தப் படத்துக்குக் குடுத்த அடுக்கு எண்) ஒரு லிங்க் இருக்கும், அத அமுக்குங்க. கடை அலமாரியில ஒரு டப்பாவ எடுத்துட்டுப் பக்கத்து டப்பாவப் பாக்குற மாதிரி, அந்த நெகட்டிவுக்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ள நம்பர் எல்லாம் வரும். முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் ஃபிலிம்னா நம்பர் கடைசியில எம்1, எம்2ன்னு எம்5 வரைக்கும் ஓடும், அது ஒரே துண்டு ஃபிலிம். எம்3ல கேப்ஷனோட ஒரு பொண்ணு தொட்டிக்கிட்ட நிக்கிறான்னா எம்2லயும் எம்4லயும் அவளே இருக்க நிறைய வாய்ப்பு, தலைப்பு இல்லாம. சில நெகட்டிவ்ல வட்டமா ஓட்டை இருக்கும் பாருங்க, அது ஸ்ட்ரைக்கர் வேண்டாம்னு ஒதுக்கி பஞ்ச் பண்ணது. படத்தப் பாத்தா கறுப்பு நிலா மாதிரி தெரியும்.

சப்ஜெக்ட் வாரியா வேணும்னா அதுக்கும் ஒரு கதை இருக்கு. பால் வாண்டர்பில்ட்னு ஒருத்தர் 1940கள்ல இந்தக் கலெக்ஷன முதல்ல படம் எடுத்த பயணம் வாரியா லாட்னு கட்டு கட்டா சேத்து மைக்ரோஃபிலிம் பண்ணிட்டு, அதுக்கப்புறம் பிரிண்ட்ட எல்லாம் பிரிச்சு நிலப்பகுதி வாரியா, ஒவ்வொண்ணுக்குள்ளயும் சப்ஜெக்ட் வாரியா அடுக்கினாரு. அந்த சப்ஜெக்ட் அடுக்க அப்படியே நெட்ல பாக்க ஃபோட்டோகிராமர்னு ஒரு சைட் இருக்கு, யேல் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. கட்டம் கட்டமா இருக்கும், வீடு சம்பந்தமான கட்டத்துக்குள்ள இறங்கிப் பாருங்க. கீவேர்டே தேவையில்ல.

புதுசு_கண்ணா எழுதியது:

இவ்ளோ கஷ்டப்படணுமா அக்கா? இப்பதான் ஏஐ வந்துருச்சே, படத்தக் காட்டினா அதே மாதிரி படத்த எடுத்துக் குடுக்குமே. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்லயே 2020ல நியூஸ்பேப்பர் நேவிகேட்டர்னு ஒண்ணு விட்டாங்க, பழைய பேப்பர் 1.6 கோடி பக்கத்துக்கு மேல மெஷின வெச்சே அலசி அதுல இருக்கிற போட்டோ, கார்ட்டூன், மேப் எல்லாத்தையும் பிரிச்சு எடுத்தாங்க. அதுல போட்டோ மட்டும் 15 லட்சத்துக்கு மேல தேடுற மாதிரி போட்டாங்க, பிடிச்ச படத்தக் காட்டி இதே மாதிரி வேணும்னு மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கலாம்.

கண்ணாடித்தகடு எழுதியது:

தம்பி, அது அருமையான வேலை, நான் மறுக்கவே இல்ல. தலைப்பே இல்லாத படத்த மெஷின் கண்டுபிடிக்கும், எங்களால முடியாதது அது. ஆனா அது எடுத்தது பேப்பர்ல அச்சான படம், மைக்ரோஃபிலிம்ல இருந்து ஸ்கேன் பண்ணது, புள்ளி புள்ளியா இருக்கும், மேடம் கேக்குற விரல் அதுல தெரியாது. அதுல படத்த அடையாளம் கண்டுட்டு, நல்ல பிரிண்ட் எங்க இருக்குன்னு டின்ஐ மாதிரி ரிவர்ஸ் இமேஜ் தேடல்ல, அதாவது படத்தையே குடுத்துத் தேடுற சைட்ல, பாக்கலாம், அந்த அளவுக்கு உதவும். அப்புறம் ஒரே மாதிரி தெரியிறதும் ஒரே விஷயமா இருக்கிறதும் வேற வேற தம்பி. குனிஞ்சு கைய தண்ணியில விட்டிருக்கிற பொண்ணு துவைக்கிறாளா, மீன் பிடிக்கிறாளா, கீரை அலசுறாளான்னு வடிவத்த வெச்சு மெஷின் சொல்லிடாது, அதுக்கு ரெக்கார்டப் படிச்சே ஆகணும்.

கேப்ஷனையும் அப்படியே நம்பிடக்கூடாதுன்னு சொல்ல மறந்துட்டேன் மேடம். ஜெர்மனியோட தேசிய ஆவணக் காப்பகமான பூண்டெஸ்ஆர்க்கிவ் 2008 டிசம்பர்ல 80,000 படத்துக்கு மேல விக்கிமீடியா காமன்ஸ்ங்கிற இலவசப் படக் களஞ்சியத்துக்குக் குடுத்தாங்க, அதுல பழைய கேப்ஷன் எல்லாம் ஆவண நோக்கத்துக்காக அப்படியே வெச்சிருக்கோம், தப்பாவோ ஒருதலைப்பட்சமாவோ இருக்கலாம்னு அவங்களே எச்சரிக்கை போட்டிருக்காங்க. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல பெயின் நியூஸ் சர்வீஸ்ங்கிற பழைய செய்திப்பட நிறுவனத்தோட நெகட்டிவ்ல இருக்கிற தலைப்பும் சரிபார்க்காதது. 2008 ஜனவரியில அவங்க போட்டோ பகிர்ற சைட்டான ஃப்ளிக்கர்ல காமன்ஸ்னு ஆரம்பிச்சு அந்தப் படங்கள ஏத்தினப்ப பொதுமக்கள்தான் கீழ கமெண்ட்ல வந்து ஆளயும் எடத்தையும் தேதியையும் அடையாளம் சொன்னாங்க. அதனால பெயின் படம் எடுத்தீங்கன்னா ஃப்ளிக்கர் பக்கத்துக்கும் போய் கமெண்ட்ட ஒரு தடவை படிச்சிடுங்க.

இன்னொண்ணு, பழைய கேப்ஷன்ல அந்தப் பெண்கள இனம், நிறம், சாதி சொல்லி இழிவா எழுதியிருக்கிற வார்த்தை வரும். தேடுறதுக்கு அந்த வார்த்தையும் வேண்டியிருக்கு, இல்லைன்னா அந்தப் பெண்களோட படமே கிடைக்காது. ஆனா தேடுற பெட்டியோட அத நிறுத்திக்குங்க, உங்க கட்டுரையில படத்துக்குக் கீழ அந்த வார்த்தை வேண்டாம்.

கைரேகை எழுதியது:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. இருபது படம் கேட்டேன், இப்ப கையில முப்பத்திநாலு இருக்கு. ஃபோட்டோகிராமர்ல கட்டம் கட்டமா இறங்கி ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல வாஷ்போர்டு வெச்சுத் தேய்க்கிற படம் கிடைச்சது, அத லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ரெக்கார்டுல திறந்து பழுப்புப்படம் சார் சொன்ன மாதிரி பக்கத்து நம்பரெல்லாம் பாத்தேன். கேப்ஷன் உள்ள படத்துல அவ நிமிர்ந்து கேமராவப் பாக்குறா, கை தொட்டிக்குள்ள மறைஞ்சிருக்கு. அதுக்கு அடுத்த நம்பர் தலைப்பில்லாத நெகட்டிவ். அதுல அவ கேமராவ மறந்துட்டா. ஒரு போர்வையோ என்னவோ கனமான துணி, பாதி தண்ணியில கிடக்கு, மீதிய வெளிய இழுத்து முறுக்குறா, முன்னங்கை நரம்பு கயிறு மாதிரி புடைச்சிருக்கு, வலது கை நடுவிரல் கணுவுல தோல் உரிஞ்சு வெள்ளையா ஒரு காயம். முழு சைஸ் ஃபைல டவுன்லோடு பண்ணி பெருசாக்கினப்பதான் அந்தக் காயம் தெரிஞ்சது.

ஸ்ட்ரைக்கரோட ஓட்டை அதுல இருக்கு. மேல இடது பக்கம், அவ தலைக்குப் பின்னாடி இருக்கிற சுவர்ல விழுந்திருக்கு. கை ரெண்டும் முழுசா இருக்கு. கட்டுரைக்கு முதல் படமா இதத்தான் போடப்போறேன், ஓட்டைய வெட்டி எடுக்காம அப்படியே.

பழுப்புப்படம் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் சகோ. படத்துக்குக் கீழ அந்த நெகட்டிவ் நம்பர எம் எழுத்து வரைக்கும் முழுசா போட்டுடுங்க, அவளுக்குத் தலைப்பு இல்லாததால அடுத்து தேடி வர்றவங்களுக்கு அந்த நம்பர் ஒண்ணுதான் வழி.